மேகம் இல்லாத நாட்களின் வரைபடம்

ஜூலை 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஜனவரியிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவன் திடீரென்று நலம் விசாரித்தால் நீயே சந்தேகப்படுவாய்.

ஏன் காகிதத்தில் என்று கேட்பாய். அலுவலக மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி இயக்குநருக்குப் போகிறது. உன் போனை எடுப்பது அத்தான். இந்த இரண்டு பேருக்கும் நான் கேட்கப்போவது தெரியக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டின் நிலப்போர்வை வரைபடம் அக்டோபர் கடைசியில் அச்சுக்குப் போகிறது. நாடு முழுவதும் எது காடு, எது வயல், எது நீர், எது கட்டடம் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து நான் வண்ணம் பூசுகிறேன். உன்னைப் போன்ற வட்டாரக் கள அலுவலர்கள் நேரில் போய்ப் பார்த்து, "ஆம், இந்த இடத்தில் இருப்பது இதுதான்" என்று கையெழுத்துப் போட்டுப் புள்ளிகள் அனுப்புகிறீர்கள். அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கணினி கற்றுக்கொள்கிறது. புள்ளி பொய் என்றால் படமும் பொய்.

உன் வட்டாரத்துக் கிழக்குச் சதுப்பின் பழைய வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். எல்லா வருடமும் ஈரநிலம். இந்த வருடம் மட்டும் தரிசு. ஓரம் சாரம் இல்லை, மொத்தச் சதுப்பும். எந்தச் சதுப்பும் ஒரே வருடத்தில் பொட்டென்று போவதில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாகும்.

அங்கே தரிசு என்று எழுதிய அத்தனை புள்ளிகளிலும் உன் கையெழுத்து.

அச்சில் தரிசு என்று வந்துவிட்டால் அந்த நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் குத்தகைக்கு விடலாம். சோலார் கம்பெனிக்காரர்கள் தரிசு தேடி எங்கள் வரவேற்பறையிலேயே குடியிருக்கிறார்கள். அவர்கள் மண் கொட்டி மேடாக்கினால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? உன் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் பள்ளத் தெருவுக்குத்தான்.

இன்னொன்று. மே மாதக் கடைசிப் படத்தில் சதுப்புக்குள் ஒரு நேர்கோடு ஓடுகிறது. அது உன் வீட்டுக்குப் பின்னால், அத்தானின் பொக்லைன்கள் நிற்கும் இடத்திலிருந்து புறப்படுகிறது. இயற்கை ஸ்கேல் வைத்துக் கோடு போடாது.

தரிசு என்று எழுதச் சொன்னது யார்? அத்தானா?

தம்பி


ஜூலை 12

கழுகாருக்கு,

உயரத்திலிருந்து பார்க்கிறவர் கடிதம் கிடைத்தது. "அக்காவுக்கு" என்று ஆரம்பித்திருந்தாயே, அதுவே பெரிய விஷயம். குற்றப்பத்திரிகையில்கூட வணக்கம் போடுவார்கள்.

எழுதச் சொன்னது யார் என்றா கேட்கிறாய்? நீதான்.

ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கீழே இயக்குநர் கையெழுத்து. உள்ளே இருக்கும் தமிழ் உன்னுடையது. நீ ஆறாம் வகுப்புக் கட்டுரையில் "எனவே" போட்ட அதே இடங்களில் "எனவே" இருந்தது. "களப்பணியாளர்கள் அன்று கண்ணால் கண்டதை மட்டும் பதிய வேண்டும். தங்கள் நினைவையும் கற்பனையையும் கலக்கக் கூடாது. எனவே குறிப்புகளுக்கான கட்டம் நீக்கப்படுகிறது." எங்கள் அலுவலகத்தில் அதை ஓட்டுநர் உரக்கப் படித்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் தம்பி எழுதியது என்று அவர்களுக்குத் தெரியும்.

சுற்றறிக்கையில் நீ சொன்ன தேதியில் போனேன். நின்ற இடத்தில் மண் வெடித்துக் கிடந்தது. புல் இல்லை, தண்ணீர் இல்லை. தரிசு என்று எழுதினேன். கண்டதை மட்டும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இந்த வருட வரைபடத்தின் துல்லியம் தொண்ணூறைத் தாண்டினால் துணைத் தலைவர் நாற்காலி உனக்கு என்று பேச்சு அடிபடுகிறதே, உண்மையா? எங்களைப் போன்றவர்களின் புள்ளிகளைக் கடைசியாகத் தொடுகிற கை உன்னுடையது. முதலில் உன் கையைக் காட்டு, பிறகு என் கையைப் பார்.

கோடு, கோடு என்கிறாய். மாட்டு வண்டித் தடமாக இருக்கும். என் வீட்டைப் படத்தில் பார்ப்பதை நிறுத்து. கூடப் பிறந்தவன் என்றால் வாசல் வழியாக வருவான். கூரை வழியாக எட்டிப் பார்க்க மாட்டான்.

இனி எழுதினால் அலுவலக முகவரிக்கு எழுது.

அக்கா


ஜூலை 21

அக்காவுக்கு,

உன் வீடு என் படத்தில் ஒரே ஒரு புள்ளி. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். அதில் நீ சமைப்பதும் தெரியாது, சண்டை போடுவதும் தெரியாது. பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

மாட்டு வண்டி என்று எழுதியிருக்கிறாய். எந்த மாடும் கடைசிவரை ஒரே அகலத்தில் நடக்காது. இந்தக் கோடு ஆரம்பம் முதல் முடிவு வரை இரண்டு புள்ளி அகலம், அதாவது இரண்டு லாரி தாராளமாக எதிரெதிரே போகும். மே முதல் வாரப் படத்தில் அது இல்லை. கடைசி வாரத்தில் இருக்கிறது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. வரைபடத்தின் வரைவுப் பிரதியைச் சரிபார்க்கச் சொல்லி வட்டார அலுவலகங்களுக்கு நாங்கள் அனுப்பினோம். உன் வட்டாரத்துப் பிரதி உன் பெயருக்கு வந்தது. உனக்கு மட்டும்.

யோசித்துப் பார். அச்சாகாத வரைபடத்தில் அந்த இடம் தரிசு என்று இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, தரிசாகப் போகிறது என்று நம்பி அதற்குள் ரோடு போட்டவனுக்குத் தகவல் எங்கிருந்து போனது?

நாற்காலி விஷயம் உண்மைதான். துல்லியம் தொண்ணூற்று மூன்று வந்திருக்கிறது. இதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அதற்காக உன் புள்ளிகளை நான் திருத்தினேன் என்று நினைத்தால் வா, வந்து உட்கார்ந்து பார். நீ அனுப்பிய கோப்பு அப்படியே இருக்கிறது. ஒரு புள்ளிகூட நான் தொடவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

பொக்லைன் சங்கிலியில் ஒட்டிய மண்ணைப் போய்ப் பார். செம்மண்ணா, கரிய சேறா என்று எனக்கு எழுது. அத்தானிடம் கேட்காதே. கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவார். அவருடைய முதல் தொழில் அது, பொக்லைன் இரண்டாவதுதான்.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

தாமதமாகிவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

முதலில் ஒரு சங்கதி. உன் போன கடிதத்தின் உறை ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. பசை புதிதாக, வழவழவென்று இருந்தது. அலுவலக மேசையில் இருந்ததை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு எடுத்துப் போனேன். பையை ஹாலில் வைத்தேன். அதற்குள் நடந்ததா, இல்லை அலுவலகத்திலேயே நடந்ததா, தெரியவில்லை. யாரைப் பார்த்தாலும் விரலில் பசை இருக்கிறதா என்று பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டேன். உன் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

சேறு கரியதுதான்.

நீ கேட்காதே என்றதால் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சதுப்புக்குள்ள ரோடு போட்டது நீங்களா?"

"ஆமா. ஏன், சரியா வரலையா?"

"யாருக்குப் போட்டீங்க?"

"சோலார் கம்பெனி மேனேஜருக்கு. நல்ல மனுஷன். தடம் போட்டு வெச்சா லாரி வர்றதுக்கு சௌகரியம்னாரு."

"அது ஈரநிலம். அங்க மண்வெட்டிகூட வைக்கக் கூடாது."

"ஏம்மா, தரிசுன்னு நீதானே எழுதியிருக்கே! ஒரு மாசமா சாப்பாட்டு மேசைக்கு எதிர்ல மாட்டி வெச்சிருந்தியே. சோறு திங்கும்போதெல்லாம் அதைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்."

உண்மைதான். வரைவுப் பிரதி பெரிய தாள். அலுவலகச் சுவரில் இடமில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, மாலையில் சரிபார்த்தேன். அந்த மேனேஜர் ஒருநாள் இவரைப் பார்க்க வந்து அதே மேசையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். "எந்தப் பக்கம்ங்க தரிசு இருக்கு?" என்று அவர் கேட்க, இவர் சுவரைக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது என்கிறார். அவ்வளவுதானா என்று எனக்குத் தெரியாது. பதினைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இதைச் சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டிலிருந்துதான் தகவல் போனது. ஒப்புக்கொள்கிறேன். திருப்தியா?

ஆனால் சுவரில் தொங்கியது நீ செய்த படம். போன வருடமும் இதே கணினி, இதே சதுப்பு, இதே அக்கா. அப்போது ஈரநிலம் என்று வந்தது. நான் மாற்றியது எதுவுமில்லை, உன் பேச்சைக் கேட்டதைத் தவிர. அப்படியென்றால் அங்கே உட்கார்ந்து நீ எதை மாற்றினாய்? வீட்டுக்காரரையே விசாரித்துவிட்டேன். இனி உன்னை விசாரிக்க எனக்கு வெட்கமில்லை.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

இதைப் பொறுமையாகப் படி. நான் பொறுமையாக எழுதுவது அபூர்வம்.

உன் கடிதம் வந்ததும் கோபத்தில் இந்த வருடம் நான் எதையும் மாற்றவில்லை என்று நிரூபிக்க உட்கார்ந்தேன். போன வருடத்துப் படங்களையும் இந்த வருடத்துப் படங்களையும் தேதிவாரியாக அடுக்கினேன். கணினி அதே. முறை அதே. எடுத்துக்கொண்ட படங்களும் அதே மாதங்கள்: பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஏன் அந்த மாதங்கள்? மேகம் இருந்தால் நிலம் தெரியாது. அதனால் மேகமில்லாத படங்களாகப் பொறுக்குகிறோம். மேகமில்லாத மாதங்கள் என்றால் கோடைதான். கோடையில் கிழக்குச் சதுப்பு காய்ந்து வெடித்துக் கிடக்கும். எனக்குக் கிடைக்கிற படம் எல்லா வருடமும் வெடித்த மண்தான்.

அப்படியானால் இத்தனை வருடம் ஈரநிலம் என்று எப்படி வந்தது? நீங்கள் சொன்னதால் வந்தது. நீங்கள் மழையிலும் போனீர்கள், படகிலும் போனீர்கள், உங்கள் வசதிக்குப் போனீர்கள். "இந்த இடம் சதுப்பு" என்று எழுதி அனுப்பினீர்கள். படத்தில் வெடித்த மண், புள்ளியில் சதுப்பு. கணினி இரண்டையும் சேர்த்து, இந்த மாதிரி வெடித்த மண் என்றால் சதுப்பு என்று கற்றுக்கொண்டது.

எனக்கு அந்த முரண்பாடு பிழையாகத் தெரிந்தது. படம் ஒன்று சொல்கிறது, களம் வேறு சொல்கிறது, அதனால்தான் துல்லியம் எண்பதுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது என்று நினைத்தேன். எனவே (ஆமாம், "எனவே"தான்) படம் எடுத்த தேதிக்கு இரண்டு வாரத்துக்குள் களத்துக்குப் போக வேண்டும் என்று சுற்றறிக்கையில் சேர்த்தேன். நீங்களும் கோடையில் போனீர்கள். படத்திலும் காய்ந்த மண், களத்திலும் காய்ந்த மண். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. துல்லியம் தொண்ணூற்று மூன்று. இயக்குநர் முதுகில் தட்டிக் கொடுத்தார். நீயும் நானும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, இருவருக்கும் ஒரே இருட்டு தெரிகிறது என்று மதிப்பெண் போட்டிருக்கிறோம்.

கிழக்குச் சதுப்பு மட்டும் என்று நினைக்காதே. தெற்கில் இரண்டு இடங்களில் இதே கதை. அங்கே ரோடு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

முறையில் பிழை என்னுடையது. அது கணக்குப் பிழை, கண்டுபிடித்துவிட்டேன், திருத்தலாம். ஆனால் என் மூளையில் ஒரு முள் குத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கு அந்த நிலம் தெரியாது. நான் போனதில்லை. உனக்குத் தெரியும். அங்கே எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் நின்றதை நீயே எனக்கு ஒருமுறை போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அப்படியிருந்தும் ஒவ்வொரு புள்ளியிலும் நிதானமாகத் தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

தெரிந்தே எழுதினாயா? யாருக்காக?

தம்பி


செப்டம்பர் 2

தம்பி,

தெரிந்தேதான்.

அத்தானுக்காக என்று நினைக்கிறாய். மார்ச்சில் அவருக்கு இந்தக் கம்பெனியின் பெயர்கூடத் தெரியாது. நம்பினால் நம்பு.

உனக்காக எழுதினேன். உன் மேல் இருந்த ஆத்திரத்தில். போன வருடம் குறிப்புக் கட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன்: எந்த மாதம் தண்ணீர் ஏறும், எந்தப் பக்கம் வடியும், எங்கே மண் காய்ந்தாலும் காலடியில் ஈரம் இருக்கும் என்று. அதையெல்லாம் நீ கற்பனை என்றாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உனக்குச் செருப்பு வார் போடக் கற்றுக்கொடுத்தவள் நான்.

சரிடா தம்பி, நீ கேட்டதையே தருகிறேன் என்றுதான் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று எழுதினேன். ஓட்டுநர் கூடக் கேட்டார். "என்ன மேடம், தரிசுன்னா போடுறீங்க?" "மேலிடத்து உத்தரவுப்பா, கண்ணு சொல்றதை மட்டும்தான் எழுதணும்" என்றேன். படத்தைப் பார்த்ததும் உனக்கே அபத்தம் என்று புரியும், போன் செய்து "என்னக்கா இது" என்பாய், நாலு வார்த்தை நன்றாகத் திட்டலாம் என்று காத்திருந்தேன். நீ போன் செய்யவில்லை. வரைவுப் பிரதி வந்தது, பாராட்டுக் குறிப்போடு. "கிழக்கு வட்டாரம் முன்மாதிரி" என்று.

அதைப் படித்த அன்று எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சுவரில் மாட்டினேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

போன வாரம் முதல் மழை. ரோடு கரை மாதிரி நிற்கிறது. சதுப்புக்குள் போக வேண்டிய தண்ணீர் ஒரு பக்கமாகத் தேங்கிவிட்டது. எருமைக்காரப் பெண்கள் அலுவலகத்துக்கு வந்து, "எங்களைக் கேக்காம யாரும்மா அங்க அணை கட்டினது?" என்றார்கள். என் புருஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருத்தலாம் என்று சுலபமாக எழுதிவிட்டாய். எப்படி? என் புள்ளிகளை நான் திரும்பப் பெற வேண்டும். தெரிந்ததை மறைத்துக் கையெழுத்துப் போட்டேன் என்று இயக்குநருக்கு எழுத வேண்டும். விசாரணை வரும். ரோடு போட்டது யார் என்ற கேள்வி வரும். சரி, வரட்டும். ஆனால் நான் எழுதின மறுநாள் நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்துகொண்டால்? "களத்தில் பிழை, தலைமையகம் திருத்திவிட்டது" என்று ஒரு வரி. உன் அலுவலகத்தை எனக்குத் தெரியாதா? அங்கே பிழைகள் எப்போதும் களத்தில்தான் விளையும். உன் தொண்ணூற்று மூன்று பத்திரமாக இருக்கும், நாற்காலியும் இருக்கும்.

அதைச் செய்ய மாட்டாய் என்று சொல்லத்தான் ஆசை. சொல்ல முடியவில்லை.

அக்கா


செப்டம்பர் 10

அக்காவுக்கு,

அதே சந்தேகம் எனக்கும். நான் முந்திக்கொண்டு முறை தவறு, துல்லியம் போலி என்று எழுதினால் இயக்குநர் முதலில் உன் கோப்பைத்தான் திறப்பார். "கள அலுவலர் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கார். நீ நாற்காலியில உக்காந்துக்கிட்டு அதைத் தப்புங்கிறியா?" என்பார். நீ அத்தானைக் காப்பாற்ற வாய் மூடிக்கொண்டால் நான் பைத்தியக்காரன். வரைபடமும் அப்படியே அச்சாகும். என் ஒரு கடிதத்தால் எதுவும் நிற்காது. உன் ஒரு கடிதத்தாலும் நிற்காது. இரண்டும் வேண்டும்.

ஆகவே ஒரே நாளில் அனுப்புவோம். அக்டோபர் ஏழு. நீ காலையில், நான் மதியம்.

நீ அனுப்பினாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடிதத்தை யாரோ பிரிக்கிறார்கள். இயக்குநருக்கு நீ அனுப்புவது என் கண்ணில் படாது. போனில் சொல்லலாம் என்பாய். போனில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சிரிக்காதே. அத்தானிடம் பொக்லைன் மூடுகிற பெரிய நீலத் தார்ப்பாய்கள் இருக்கின்றன. கடிதத்தை அனுப்பியதும் அவற்றைப் பின்கட்டு வெட்டவெளியில் பக்கத்தில் பக்கத்தில் விரி. நாலு புள்ளி அளவுக்கு வந்தால் போதும், எனக்குத் தெரியும். ஏழாம் தேதி முற்பகலில் செயற்கைக்கோள் உங்கள் ஊருக்கு மேலே வருகிறது. மதியம் படம் என் கைக்கு வந்துவிடும். நீலம் தெரிந்தால் அடுத்த நிமிஷம் அனுப்புவேன்.

படம் பொய் சொல்லாது.

தம்பி


செப்டம்பர் 18

கழுகாருக்கு,

படம் பொய் சொல்லாதாம்! இவ்வளவுக்குப் பிறகும் இதை எழுத உனக்குக் கை கூசவில்லையா? ஓட்டுநர் என்ன ஏது என்று கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தேன். பல நாளாயிற்று.

சரி. விரிக்கிறேன். ஊரில் கூடப் பிறந்தவர்கள் சத்தியம் செய்வார்கள். நமக்குத் தார்ப்பாய்.

உன் அத்தான் கொஞ்ச நாளாகப் பேசுவதில்லை. சாப்பிடும்போது காலியான சுவரைப் பார்க்கிறார், ஆணி மட்டும் இருக்கிறது. நேற்று திடீரென்று, "உன் தம்பி அங்கேருந்து என் முதுகை எண்ணிக்கிட்டிருக்கானா?" என்றார். கடிதத்தைப் பிரித்தது அவர்தான் என்று எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. மீதிக் கால்வாசியை வைத்துக்கொண்டுதான் ஒரே வீட்டில் இருக்கிறேன். தார்ப்பாயைக் காயப்போடுகிறேன் என்று சொன்னால் நம்புவாரா தெரியவில்லை. மழைக்காலத்தில் எவள் தார்ப்பாயைக் காயப்போடுவாள்?

மழை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அன்றைக்கு மேகமாக இருந்தால் என்ன செய்வாய்? அதற்கும் ஒரு சுற்றறிக்கை வைத்திருக்கிறாயா?

அக்கா


அக்டோபர் 7

அக்காவுக்கு,

படம் வந்தது. வெள்ளை. உன் ஊர், சதுப்பு, ரோடு, பள்ளத் தெரு, எதுவும் இல்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி மூலைக்கு மூலை மேகம். உன் வீட்டுப் புள்ளியை எவ்வளவு பெரிதாக்கினாலும் வெள்ளை பெரிதாகிறதே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மேகத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க என்னென்ன வித்தை உண்டோ எல்லாம் செய்தேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன தம்பி, வெறும் வெள்ளையை இப்படி முறைச்சுப் பார்க்கறே?" என்றார். அடுத்த படம் ஐந்து நாள் கழித்து. அதுவும் மேகமாகத்தான் இருக்கும். அதற்கடுத்ததும். அதற்குள் அச்சுக்குப் போய்விடும்.

உன் போனுக்குக் கூப்பிட்டேன். அத்தான் எடுத்தார். பின்னால் பொக்லைன் சத்தம். "அக்கா இல்லப்பா. வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். இந்த மழையில் பொக்லைனுக்கு என்ன வேலை? ரோட்டை அகலப்படுத்துகிறாரா? நீ எங்கே போனாய்? மனம் மாறிவிட்டாயா? ஒரு மணி நேரம் இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அனுப்பிவிட்டேன்.

ஏன் என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. நீ அனுப்பினாய் என்று நம்பி அனுப்பவில்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதே. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, இத்தனை வருடமும் இந்த மாதிரிப் படங்களை ஒன்றுக்கும் உதவாது என்று தூக்கிப் போட்டுவிட்டுத்தானே வேலை செய்தேன் என்று தோன்றியது. மேகத்துக்குக் கீழே தண்ணீர் இருந்தது. கை தானாக அழுத்திவிட்டது.

இயக்குநர் உடனே கூப்பிட்டார்.

"தொண்ணூத்தி மூணுன்னு அமைச்சகத்துக்கே சொல்லிட்டேன். இப்ப வந்து இல்லைங்கிறே."

"தப்பான தொண்ணூத்தி மூணு சார்."

"நாற்காலி உனக்கு வேண்டாமா?"

"நின்னுக்கிட்டே வேலை பார்த்துக்கறேன் சார்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ சொல்றதை மட்டும் வெச்சு அச்சை நிறுத்த முடியாது. இது அறைக்குள்ள உக்காந்திருக்கறவன் பேச்சு. களத்துலேருந்து ஒரு வார்த்தை வரட்டும், நிறுத்தறேன். வரலேன்னா மாசக் கடைசியில சொன்னபடி அச்சுக்குப் போயிடும்" என்றார்.

இனி எல்லாம் உன்னிடம் இருக்கிறது. நீ அனுப்பவில்லை என்றால் இந்தக் கடிதம் வந்ததும் அனுப்பு. அப்போதும் அனுப்பவில்லை என்றால், எனக்கு அக்கா இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை.

தம்பி


அக்டோபர் 7

தம்பிக்கு,

தார்ப்பாய் விரிக்கவில்லை.

காலையில் எழுந்து பின்கட்டுக்குப் போனால் ஒன்றுகூட இல்லை. பொக்லைனும் இல்லை. சரிதான், உன் கடிதத்தைப் படித்துவிட்டு மனுஷன் வழியை அடைத்துவிட்டார் என்று நினைத்தேன். கொட்டுகிற மழையில் தேடிக்கொண்டு போனேன்.

இரவோடு இரவாகப் பள்ளத் தெருவுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. தார்ப்பாய் எல்லாம் அங்கே கூரைகளின் மேல் கிடந்தது. இவர் சதுப்பு ஓரத்தில், தான் போட்ட ரோட்டைத் தானே நடுவில் வெட்டிக்கொண்டிருந்தார். தலை முதல் கால் வரை சேறு. என்னைப் பார்த்ததும் என் போனை எடுத்துக்கொண்டு வந்ததற்கு மன்னிப்புக் கேட்காமல், "உன் தம்பி கையெழுத்து சகிக்கலை. ஒரு கடிதம் படிக்கிறதுக்குள்ள கண்ணு ரெண்டும் போயிடுச்சு" என்றார். ஒப்புக்கொள்கிற விதம் இது. அந்த மேனேஜரிடம் சுவரைக் காட்டியதைத் தவிர வேறெதுவும் இல்லையா என்று அங்கேயே நின்று கேட்டேன். லீவரை இழுத்தார். மண் சரிந்தது, தண்ணீர் சதுப்புக்குள் பாய்ந்தது. அந்தச் சத்தத்தில் அவர் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி கேட்பேன்.

அங்கிருந்து நேராக அலுவலகம் வந்தேன். ஈரப் புடவையோடு உட்கார்ந்து இயக்குநருக்கு எழுதினேன். என் புள்ளிகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன், அது ஈரநிலம் என்று தெரிந்தே தரிசு என்று எழுதினேன், ரோடு போட்டவர் என் கணவர். மூன்று வரி. இன்று இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்த படங்களையும் சேர்த்தேன். குறிப்புக்குக் கட்டம் இல்லாததால் பின்பக்கத்தில் எழுதினேன்.

மேலே நிமிர்ந்து பார்த்தேன். ஒரு துண்டு வானம்கூட இல்லை. தார்ப்பாய் இருந்திருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்காது. நீலம் தெரியாமல் நீ அனுப்ப மாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா, தொட்டுப் பார்க்காமல் தோசைக்கல் சூடு என்றுகூட நம்பாதவன். நான் மட்டும் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்துதான் அனுப்பினேன். அந்தத் தெருவைப் பார்த்த பிறகு, நீ அனுப்புவாயா மாட்டாயா என்று கணக்குப் போட எனக்கு மனமில்லை.

இதற்குப் பதில் எழுதாதே. போன் செய். ஜனவரியிலிருந்து காத்திருக்கிறேன். இன்று இரவே போனை அவரிடமிருந்து வாங்கிவிடுவேன், இனி நான்தான் எடுப்பேன்.

அக்கா